எடையில்லாத மண்

ஜூன் 3

அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே பேசலாம்தான். போன முறை நீங்கள் கத்தினீர்கள், நான் அழுதேன். என்ன பேசினோம் என்பது இருவருக்குமே நினைவிருக்காது. கடிதத்தில் யாரும் கத்த முடியாது.

அப்பா பிரித்துக் கொடுத்த இடத்தில் உங்கள் பாதியில் லாரி லாரியாக மண் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். மண் என்று சொல்வதுகூடத் தப்பு. எங்கோ இடித்த கட்டடத்தின் செங்கல், சிமெண்ட் கட்டி, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண் துண்டுகள். என் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. மேஸ்திரியிடம் கேட்டால், "உங்க அண்ணன் சொன்ன உயரம்மா இது, நான் என்ன பண்றது?" என்கிறார்.

என் வீடு உங்கள் பக்கம் சாய்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதலில் முன்னறைக் கதவு சாத்த மறுத்தது. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னோம். அடுத்த வாரம் மறுபடியும் இடித்தது. பிறகு ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. அது முடிகிற இடத்தில் என் மகள் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறாள். விரிசல் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போகிறது.

இவர் கடிகாரம் பழுது பார்க்கிற மேஜை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கைக்கடிகாரத்தின் திருகாணி கடுகில் பாதிகூட இருக்காது. மேஜையில் வைத்தால் உருண்டு உங்கள் பக்கம் ஓடுகிறது. "உங்க அண்ணன் என்னைக் கூப்பிடலேன்னாலும் என் திருகாணியைக் கூப்பிடறார் பாரு" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் தங்கை


ஜூன் 12

தங்கச்சிக்கு,

நீங்கள், உங்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். என் முதுகில் ஏறிச் சவாரி செய்தவளுக்கு இந்த மரியாதை என்றைக்கு வந்தது? இதற்கு நீ கத்தியிருக்கலாம்.

உனக்குக் கிடைத்தது மேடு, எனக்குக் கிடைத்தது பள்ளம். அப்பா பிரித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. நன்றாக மழை பெய்தால் என் பாதியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அதை உயர்த்தாமல் வீட்டை எங்கே கட்டுவது, தண்ணீர் மேலேயா?

உனக்கு இதைச் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இந்த வயதில் யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்க மாட்டார்கள். உன் அண்ணிக்கு முட்டி போய்விட்டது. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினால் ஏற முடியாது என்று இறங்குவதையே விட்டுவிட்டாள். ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாள். அவளுக்குப் படியில்லாத வீடு ஒன்று வேண்டும். அதற்குத்தான் இந்த மண், செங்கல், எல்லாம்.

பழைய வீடு என்றால் விரிசல் விழத்தான் செய்யும். எனக்கும்தான் இடுப்பு பிடிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரனையா குற்றம் சொல்கிறேன்? மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்து எழுதினாயா? அவருக்கு என் மேல் என்ன கோபம் இருந்தாலும் நேரில் சொல்லச் சொல்.

அண்ணன்


ஜூலை 9

அண்ணாவுக்கு,

சரி, இனி நீ என்றே எழுதுகிறேன்.

அண்ணி கீழே இறங்குவதில்லை என்று படித்ததும் உன் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இவர் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கிறவர் இல்லை. உன்னைப் பற்றி நான் ஏதாவது பேசினால், "உடன்பிறந்தவங்க சண்டையில நான் எதுக்கு? நாளைக்கு நீங்க சேர்ந்துக்குவீங்க, நான் பொல்லாதவனாயிடுவேன்" என்று கடிகாரத்துக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

மண்ணைச் சோதிக்கிற ஒரு இன்ஜினியரை வரவழைத்தோம். நடுவயதுப் பெண். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உன் இடத்து ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பியை வெறும் கையால் அழுத்தினார். தயிரில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது.

"பஞ்சு மெத்தையில ஒருத்தர் படுத்திருக்கார்னு வச்சுக்கங்க. பக்கத்துல ஒரு குண்டு மனுஷன் வந்து உட்கார்ந்தா என்னாகும்? படுத்திருக்கிறவர் அந்தப் பக்கம் உருளுவார் இல்லையா? அதான் உங்க வீட்டுக்கு ஆயிட்டிருக்கு" என்றார்.

"அப்போ அண்ணன் வீடே கட்டக் கூடாதா?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன், எழுதி வைத்துக்கொள்.

கட்டலாமாம். உயரம் தப்பில்லை, எடைதான் தப்பாம். கொட்டியதை எல்லாம் அள்ளிவிட்டு, தரைக்குக் கீழேயும் கொஞ்சம் தோண்டி, அந்த இடத்தில் தெர்மாகோல் கட்டிகளை அடுக்க வேண்டுமாம். டிவி பெட்டிக்குள் வருமே, அதே தெர்மாகோல். ஆனால் கெட்டியாக, பீரோ பீரோவாக வருமாம். மண்ணோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குதான் எடை. மேலே கனமான கான்கிரீட் தளம் போட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளத்தில் மிதந்துவிடும். பெட்ரோல் பட்டால் கரைந்துபோகும் என்பதால் பிளாஸ்டிக் விரிப்பால் சுற்ற வேண்டும். அள்ளுகிற எடையும் வைக்கிற எடையும் சரிக்குச் சரியாக இருந்தால் கீழே இருக்கும் சேறு எதையும் உணராதாம்.

ஒன்றை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார். மொத்தமாகத் தோண்டவே கூடாது. என் சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பட்டை பட்டையாகத் தோண்ட வேண்டும். ஒரு பட்டை தோண்டி, கட்டி அடுக்கி முடித்த பிறகுதான் அடுத்த பட்டை. மழை வந்தால் நிறுத்திவிட வேண்டும். "பக்கத்துல இருக்கிறது தள்ளுதுன்னு மட்டும் நினைக்காதீங்க. இப்போ அதுவே பிடிச்சுக்கிட்டும் இருக்கு. சட்டுனு எடுத்தா வீடு அந்தக் குழியில விழுந்துடும்" என்றார்.

கேலி செய்யாமல் யோசி.

தங்கை


ஆகஸ்ட் 2

தங்கச்சிக்கு,

கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன். தெர்மாகோல் மேல் வீடு என்று அண்ணியிடம் சொன்னபோது அவளே பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். "எலி கடிச்சா வீடு இறங்குமா?" என்று கேட்டாள்.

ஆனால் இங்கே ஊருக்கு வெளியே பாலத்தை ஒட்டி ரோட்டை உயர்த்துகிறார்கள். அதுவும் சதுப்பு நிலம்தான். போய்ப் பார்த்தேன். நீ சொன்ன அதே வெள்ளைக் கட்டி. என் பீரோவைவிடப் பெரியதை இரண்டு பேர் பேசிச் சிரித்தபடி தூக்கிக்கொண்டு போனார்கள். அடுக்கிய இடத்தில் ரோடு உருளை ஏறி நின்றது. ஒன்றும் ஆகவில்லை. வாட்ச்மேனிடம் கெஞ்சி ஒரு கட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். பெஞ்சு மாதிரி இருந்தது.

சரி, செய்துவிடலாம். கட்டிகளுக்குச் சொல்லிவிட்டேன். மேஸ்திரியோடும் பேசிவிட்டேன். அண்ணியைத் தனியாக விட்டுவிட்டு நான் அங்கே வந்து நிற்க முடியாது. மழைக்காலத்துக்குள் தளம் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் மிதக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதனால் தாமதம் கூடாது.

உன் வீடு சாய்கிறது என்றபோது நான் அப்படி எழுதியிருக்க வேண்டாம். மாப்பிள்ளையிடம் சொல். நேரில் வரும்போது நானே சொல்கிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 8

அண்ணாவுக்கு,

கட்டிகள் வந்து இறங்கிவிட்டன. தெரு முழுக்க வேடிக்கை. காற்று அடித்தால் ஓடிவிடும் என்று மேலே கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இவர் தனியாக ஒரு கட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசலில் ஒரு சுற்று வந்தார். "பார்த்துக்க, உன்னைத் தூக்க முடியாதவன் வீட்டையே தூக்கறேன்" என்றார். உன் மருமகளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

நீ நேரில் சொல்வதாக எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அண்ணன் வரட்டும், காபி குடிச்சுட்டுப் பேசிக்கலாம்" என்றார்.  அன்று சாயங்காலம் நீ எப்போதோ பழுது பார்க்கக் கொடுத்த பழைய கடிகாரத்தைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தோண்ட ஆரம்பிக்கிறார்கள். இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். மேஸ்திரியிடம் பட்டை பட்டையாக என்று நினைவுபடுத்தினேன். "எல்லாம் தெரியும்மா" என்று தலையை ஆட்டினார். ஆட்டிய விதத்திலேயே காதில் ஏறவில்லை என்று தெரிந்தது. இன்ஜினியர் அம்மா வேறு ஊரில் இருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவாராம். அதுவரைக்கும் நிறுத்தி வைக்கலாமா? இல்லையென்றால் நீயாவது மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல். அவர் உன் பேச்சுக்குத்தான் கட்டுப்படுவார்.

தங்கை


அக்டோபர் 20

அண்ணாவுக்கு,

நீ வந்தாய், காரியம் முடியும்வரை வாசலில் நின்றாய், போனாய். நான் உன்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இல்லை. யாரையும் பார்க்கவில்லை. நடந்ததை உனக்கு யார் யாரோ சொல்லியிருப்பார்கள். நான் சொல்கிறேன், கேள்.

வெள்ளிக்கிழமை முதல் பட்டை ஒழுங்காகத்தான் தோண்டினார்கள். கட்டியும் அடுக்கினார்கள். மறுநாள் வானம் கறுத்தது. மேஸ்திரி யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து இயந்திரக்காரரிடம், "மழை வர்றதுக்குள்ள மொத்தத்தையும் எடுத்துடு. அடுக்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். நான் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. இவரும் வந்து கையை ஆட்டினார். மத்தியானத்துக்குள் என் சுவரின் நீளத்துக்குக் குழி தோண்டிவிட்டார்கள். வைத்திருந்த முட்டுக்கட்டைகளைக்கூட இயந்திரத்தின் வாளி இடிக்கிறது என்று ஒன்றிரண்டை எடுத்துவிட்டார்கள்.

பிறகு மழை. ரொம்ப நேரம்கூடப் பெய்யவில்லை. குழியின் ஓரம் வெண்ணெய் மாதிரி சரிந்தது. வீட்டுக்குள் டப் டப்பென்று சத்தம் கேட்டது. சுவர் பிளக்கிற சத்தம் என்று இவருக்கு உடனே புரிந்துவிட்டது. பிள்ளையை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். மூன்று பேரும் தெருவில்தான் நின்றோம், அண்ணா. மூன்று பேரும் நனைந்துகொண்டு, முழுசாக.

"மேஜையில அடுத்தவங்க வாட்ச் இருக்கு" என்றார்.

"போகட்டும், விடுங்க" என்றேன்.

"நம்மளுதுன்னா விட்டுடலாம். நம்பிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. இதோ வந்துட்டேன்."

சட்டையைப் பிடித்தேன். என் கையை மெதுவாக எடுத்துவிட்டுப் போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். மேஜை விரிப்பின் நாலு மூலையையும் சேர்த்து மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் சுவர் வெளிப்பக்கமாகப் போனது. கூரை உள்ளே வந்தது.

மூட்டை கிழியவில்லை. எல்லாக் கடிகாரத்தையும் உரியவர்களிடம் கொடுத்துவிட்டேன். உன்னுடையது மட்டும் இருக்கிறது.

மேஸ்திரியைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, நான் உங்க அண்ணனைக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன். மழைக்கு முன்னாடி எடுத்துடுன்னு அவர்தான் சொன்னார்."

எனக்குக் காரணம் வேண்டாம். சமாதானம் வேண்டாம். நீ அப்படிச் சொன்னாயா? அதை மட்டும் எழுது.


அக்டோபர் 27

தங்கச்சிக்கு,

சொன்னேன்.

வானம் கறுத்திருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டார். உன் கடிதம் என் முன்னாலேயே இருந்தது. மழையில் பாதியில் நின்றால் எல்லாம் வீணாகிவிடும் என்று பயந்தேன். மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள் என்றேன். அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

காரணம் வேண்டாம் என்றாய். எழுதவில்லை.

நாளை புறப்பட்டு அங்கே வருகிறேன். போலீஸில் இதையே சொல்வேன். மேஸ்திரி பேரில் முழுப் பழியும் விழ விட மாட்டேன். என் பாதி இடத்தை உன் பேருக்கு எழுதி வைக்கிறேன். அண்ணியும் அதைத்தான் சொல்கிறாள். அவள் படியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதாகச் சொல்கிறாள். உன்னைப் பார்க்க வேண்டுமாம்.


நவம்பர் 5

அண்ணாவுக்கு,

போலீஸில் சொல்லிவிட்டு ஜாமீனில் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நீ தங்கியிருக்கும் லாட்ஜுக்கு இதை அனுப்புகிறேன். நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் என்னால் வர முடியாது.

உன் இடம் எனக்கு வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? தினமும் காலையில் எழுந்து அதைப் பார்க்கவா?

குழி அப்படியே திறந்து கிடக்கிறது, தண்ணீர் நிற்கிறது. இடிந்த அறையைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு நானும் பிள்ளையும் பின்கட்டில் இருக்கிறோம். வேறு எங்கே போவது? இன்ஜினியர் அம்மா வந்தார். குழியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "இதை இப்படியே விட்டா மிச்ச வீடும் போயிடும். திரும்பவும் அதே மாதிரிதான் அடைக்கணும். கனமா எதையும் போட முடியாது" என்றார். வேலைக்கு ஆள் கூப்பிட்டேன். செத்துப்போன இடம் என்று யாரும் வர மாட்டேன் என்கிறார்கள்.

கட்டிகள் கயிற்றுக்குள் அப்படியே இருக்கின்றன. நீ வந்து அடுக்கு. இன்ஜினியர் அம்மா சொல்கிறபடி செய், ஒரு அங்குலம்கூட மாற்றாதே. என்னோடு பேசாதே.

அண்ணி வரட்டும். பின்கட்டில் படி இல்லை.


டிசம்பர் 14

தங்கச்சிக்கு,

பேசாதே என்றாய். அதனால்தான் எழுதிக் கதவிடுக்கில் வைக்கிறேன்.

வேலை முடிந்தது. தண்ணீரை இறைத்து, சரிந்த சேற்றைக் கையாலேயே அள்ளி, பட்டை பட்டையாக அடுக்கினோம். நானும், இன்ஜினியர் அம்மா அழைத்து வந்த இரண்டு பேரும். இயந்திரம் வைக்கவில்லை. விரிப்பு சுற்றியாயிற்று, நேற்றுத் தளமும் போட்டாயிற்று. ஒவ்வொரு பட்டை முடிந்ததும் அவர் வந்து அளந்து பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன்.

அந்தக் கட்டிகளைத் தூக்கும்போது கைக்குப் பாரமே தெரியவில்லை. தினமும் ராத்திரி படுத்தால்தான் உடம்பெல்லாம் வலித்தது.

திண்டாடித்தான் போனேன் ஒரு நாள். மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து குழி ஓரத்தில் நின்றாள். "மாமா, இது இனிமே விழாதா?" என்று கேட்டாள். விழாது என்றேன். "நீங்க சொன்னா எப்படி நம்பறது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இன்ஜினியர் அம்மாவைக் கைகாட்டினேன். அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். வக்கீல் வேண்டாம் என்கிறார். அண்ணி ஒப்புக்கொள் என்கிறாள்.

உனக்கு நான் எழுத வேறொன்றும் இல்லை.

அண்ணன்


ஜூலை 1

அண்ணாவுக்கு,

சிறைக்கு அனுப்பும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்களாம். படிக்கட்டும்.

நீதிமன்றத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் எச்சரித்து எழுதியதைச் சொன்னேன். நீ அவசரப்படுத்தியதைச் சொன்னேன். கேட்டதும் மறைக்காமல் ஒத்துக்கொண்டதையும் குழியில் இறங்கி அடைத்ததையும் சொன்னேன். உன் வக்கீல், "அண்ணனை மன்னிச்சுட்டீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நீ தலை நிமிர்ந்து பார்த்தாய். அது உண்மை, அதனால் சொன்னேன்.

இந்த மழைக்குத் தெருவில் தண்ணீர் வந்தது. உன் தளத்துக்கு ஏறவில்லை, கட்டி எதுவும் மிதக்கவில்லை. இன்ஜினியர் அம்மா வந்து அளந்தார். வீடு சாய்ந்தபடியேதான் நிற்குமாம். இனி நிமிராது, ஆனால் மேற்கொண்டு சாயாது என்றார். இடிந்த பக்கத்தில் மரப் பலகையால் தடுப்பு வைத்து அறையைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நான் துணி தைக்கிறேன். அண்ணி காஜா எடுக்கிறாள், பட்டன் வைக்கிறாள். கை வேலைக்கு முட்டி எதற்கு என்கிறாள். இரவில் அவள் அழுதால் நான் கேட்காத மாதிரி இருப்பேன். நான் அழுதால் அவள் எழுந்து வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.

உன்னைப் பார்க்க மனு போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணியால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர முடியாது, அதனால் நான்தான் வருகிறேன். போர்வை கொண்டு வரலாமா என்று கேட்டு எழுது.

வந்து உட்காருவேன். பேசுவேனா என்று தெரியாது. நீயும் அவசரப்பட்டு எதையும் பேசாதே.

தங்கை